சட்டைப்பைப் பென்சிலுக்கு ஒரு கொழுக்கி

விசுவமடுப் பக்கத்தில் ஒரு வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை அளப்பதற்காக, கிணற்றுக்கட்டில் ஒரு கையை ஊன்றி மற்றக் கையால் அளவுநாடாவை இறக்கிக்கொண்டு நான் குனிந்தபோது, சட்டைப்பையில் இருந்த பென்சில் நழுவி, உட்சுவரில் இரண்டு தடவை மோதித் தண்ணீரில் விழுந்தது. குடிதண்ணீர்க் கிணறு. வீட்டுக்கார அம்மா அருகிலேயே நின்றிருந்தார். நான் மன்னிப்புக் கேட்பதற்கு முன்பே, "பென்சில்தானே தம்பி, மிதக்கும். பேனையெண்டால் தாண்டு போயிருக்கும்" என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்.

அவர் சொன்னதைப் போல அது மிதந்துகொண்டுதான் இருந்தது. றப்பர் பொருத்திய தகரமுனை சற்றுத் தாழ்ந்திருக்க, மஞ்சள் நிறத்தில் ஒரு சிறிய மீனைப் போல அசைந்தது. கப்பியில் வாளியை இறக்கினால் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். வாளி தண்ணீரைத் தொட்ட ஒவ்வொரு முறையும் எழுந்த அலை பென்சிலைச் சுவரோடு ஒதுக்கியது. அலை அடங்கும்வரை காத்திருந்து மீண்டும் இறக்கினால் அது எதிர்ப்புறச் சுவருக்குப் போய்விட்டது. இந்த விளையாட்டைக் கால்மணி நேரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய பேத்தி கயிற்றை என் கையிலிருந்து வாங்கி, வாளியை முழுவதுமாக நீருக்குள் மூழ்கவிட்டு, பென்சில் தானாக அதற்கு மேலே வந்து நிற்கும்வரை அசையாமல் நின்று, பிறகு நேராகத் தூக்கினாள். முதல் தடவையிலேயே அகப்பட்டது. நீர்ப்பாசனத்தையும் நீரியலையும் படித்துவிட்டு வந்தவன் நான்தான் என்பதை அந்த இடத்தில் யாரும் நினைவூட்டவில்லை.

எடுத்த பென்சிலினால் பயன் இருக்கவில்லை. பென்சில் என்பது நீளவாக்கில் காடி வெட்டிய இரண்டு மெல்லிய பலகைகளுக்கு இடையில் கரிக்கோலை வைத்துப் பசையால் ஒட்டிச் செய்யப்படுவது. ஊறியதைக் காயவைத்த மறுநாள் அந்த ஒட்டு ஒரு முனையில் வாய் பிளந்திருந்தது. அதைவிட, சீவச் சீவக் கரிக்கோல் துண்டு துண்டாக வெளியே விழுந்தது. கிணற்றுச் சுவரில் மோதிய இரண்டு மோதல்களும் மரத்துக்கு எதுவும் செய்யாமல் உள்ளே இருந்த கரியைப் பல இடங்களில் முறித்திருந்தன. கீழே விழுந்த பென்சிலை எடுத்துத் தூசி தட்டிப் பையில் வைத்துக்கொள்ளும் எவரும் கவனிக்காத சேதம் இது. "இந்தப் பென்சில் நல்லதில்லை, முனை நிற்குதில்லை" என்று கடைக்காரரைக் குறை சொல்லும் பலரின் பென்சில்கள் உண்மையில் ஏற்கெனவே ஒருமுறை சீமெந்துத் தரையில் விழுந்தவையாகத்தான் இருக்கும்.

பேனை வைத்துக்கொள்ளலாமே என்று பலர் கேட்பார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வெளிவேலை செய்பவர்களில் எத்தனை பேர் பென்சிலை விடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. மாரி தொடங்கிவிட்டால் ஐப்பசி முதல் மார்கழி வரை குறிப்புக் கொப்பி என்றைக்கும் ஈரமாகத்தான் இருக்கும். ஈரத்தாளில் குமிழ்முனைப் பேனை வழுக்கும், மைப்பேனை கசியும், பென்சில் எழுதும். கோடையில் புழுதி படிந்த சுவரிலும், பச்சை மரத்திலும், சீமெந்துக் கல்லிலும், பீவீசீக் குழாயிலும் குறியிட வேண்டியிருக்கும். இவற்றில் பேனையின் குமிழ் இரண்டாவது கோட்டிலேயே அடைத்துக்கொள்ளும். தலைக்கு மேலே உள்ள வளையில் அண்ணாந்து குறியிட்டால் பேனையில் மை இறங்காது. பங்குனி, சித்திரை வெயிலில் மோட்டார் சைக்கிளில் ஏ9 வீதியால் ஒரு மணி நேரம் வந்தவனின் சட்டைப்பையில் பேனை என்ன செய்து வைத்திருக்கும் என்பதை என் வெள்ளைச் சட்டைகளைத் தோய்த்தவர்களே விளக்கமாகச் சொல்வார்கள். ஆகவே பென்சில்தான். பென்சிலில் ஒரேயொரு குறை உண்டு: பேனைக்கு மூடியும் மூடிக்குக் கிளிப்பும் இருக்கின்றன, பென்சிலுக்கு எதுவும் இல்லை.

புதிய பென்சில் ஏறத்தாழ 17 அல்லது 18 சென்ரிமீற்றர் நீளமானது. என் சட்டைப்பைகளை அளந்து பார்த்தேன். எல்லாம் 12க்கும் 13க்கும் இடைப்பட்ட ஆழம். வெளியே நிற்கும் பகுதி குறைவு என்றாலும், குனியும்போது பையின் வாய் நிலத்தை நோக்கித் திரும்பிவிடுகிறது. அந்த நிலையில் பென்சிலைப் பிடித்துவைக்க மெல்லிய துணியின் உராய்வு மட்டுமே மிஞ்சுகிறது, வழுவழுப்பான பூச்சுப் பூசிய பென்சிலுக்கு அது போதாது. சீவித் தேய்ந்து 9 சென்ரிமீற்றராகக் குறைந்துவிட்டால் நேர்மாறான தொல்லை. பென்சில் பையின் அடிக்குப் போய்விடும். இரண்டு விரலை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். முனை தையலைத் துளைத்து வெளியே எட்டிப் பார்க்கும். நீளமாக இருக்கையில் விழுவதும் குட்டையாகிய பின் புதைந்து போவதும் ஆகிய இரண்டுக்கும் சேர்த்து ஒரே பரிகாரம் வேண்டுமென்றால், அது பென்சிலின் உடலில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய ஒரு பிடியாக இருக்க வேண்டும். கிணற்றடிச் சம்பவத்துக்குப் பிறகு வந்த இரண்டு கிழமைகளில் நான் இந்த முடிவுக்கு வந்தேன். அந்தப் பிடியைச் சரியாகச் செய்து முடிக்கும்வரை செய்த முட்டாள்தனங்களையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் நூல். பென்சிலின் தலையில் ஒரு காடி வெட்டி நூலைக் கட்டி மறுமுனையைச் சட்டைப் பொத்தானில் மாட்டினேன். பாலர் வகுப்புப் பிள்ளையைப் போல இருக்கிறது என்று அலுவலகத்தில் சிரித்தார்கள்; அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வளைகளுக்கிடையில் ஏறியபோது நூல் ஓர் ஆணியில் மாட்டிச் சட்டையின் இரண்டு பொத்தான்களைப் பிடுங்கியதைப் பொறுக்க முடியவில்லை.

அடுத்தது சைக்கிள் ரியூப். பழைய ரியூப்பிலிருந்து அரை அங்குல அகலத்தில் வளையம் வெட்டி, அதை மடித்து இறுக்கமாகப் பென்சிலில் ஏற்றினேன். வன்னியில் வளர்ந்தவனுக்கு ரியூப் வளையம் முதலில் நினைவுக்கு வருவது இயல்பு. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பள்ளிக்கூடம் போன எங்களுக்கு ரியூப்பும் ரயரும் செய்யாத வேலை இல்லை. அந்த நாட்களில் பென்சில் கைப்பிடிக்கு அடங்காத அளவுக்குத் தேய்ந்தால், எழுதி முடிந்த பேனையின் கோதுக்குள் அதைச் செருகி, வழுக்காமலிருக்க ரியூப் துண்டைச் சுற்றி, கரி முற்றாகத் தீரும்வரை எழுதுவோம். ஆனால் பையில் பிடித்துவைக்கும் வேலைக்கு ரியூப் அரைகுறைதான். நழுவுவதைக் குறைக்கும்; நன்றாகக் குனிந்தால் தலைகீழாக விழுவதைத் தடுக்காது. வெயில் ஏறிய சில மாதங்களில் பிசுபிசுத்துத் துணியிலும் ஒட்டிக்கொண்டது.

மூன்றாவதாகக் கம்பிக்கு வந்தேன். வேலைத்தளத்தில் குறைவில்லாமல் கிடப்பது கட்டுக்கம்பி. கொங்கிறீற் போடுமுன் இரும்புக் கம்பிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் மெல்லிய கறுத்தக் கம்பியைத்தான் சொல்கிறேன். அதைப் பென்சிலில் நாலு சுற்றுச் சுற்றி ஒரு முனையைக் கொழுக்கியாக வளைத்தேன். பார்வைக்கு அழகாக இருந்தது. பையில் செருகிய முதல் தடவை விரிந்தது, விரிந்தபடியே நின்றுவிட்டது. கட்டுக்கம்பியைச் சூடாக்கி மென்மைப்படுத்தித்தான் விற்கிறார்கள். முறுக்கிய இடத்திலேயே நின்றுவிடுவது அதன் குணம், அந்தக் குணத்துக்காகவே கம்பி கட்டுபவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். கிளிப்புக்கு வேண்டியதோ வளைத்தால் திமிறித் திரும்பும் குணம்.

அப்படியானால் சைக்கிள் சில்லுக் கம்பி. 2 மில்லிமீற்றர் தடிப்பு, நல்ல உருக்கு, திமிறலுக்குக் குறைவில்லை. வளையக் கம்பியாகப் போடும் 6 மில்லிமீற்றர் இரும்புக் கம்பி ஒன்றை இடுக்கியில் நிறுத்தி, அதன்மேல் குறட்டால் இழுத்து மூன்று சுற்றுச் சுற்றினேன். கையை விட்டதும் சுருள் சற்றே அகன்று, பென்சிலுக்கு ஏறத்தாழச் சரியான அளவில் நின்றது. இந்தச் சுருளில் நான் எதிர்பாராத ஒரு நன்மை இருந்தது. சுற்றிய திசைக்கு எதிராகத் திருகினால் சுருள் தளர்ந்து பென்சிலின் மேல் எளிதாக நகரும், விட்டவுடன் இறுகிக்கொள்ளும். பென்சில் தேயத் தேயக் கீழே நகர்த்துவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்று மகிழ்ந்து, அன்றைக்கே சட்டையில் மாட்டினேன். மாலையில் கழற்றும்போது சட்டைப்பையின் மடிப்புத் தையல் கிழிந்து வந்தது.

காரணத்தைப் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். உருண்டைக் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கின்படி கூடுகிறது; விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு 16 மடங்கு. 4 சென்ரிமீற்றர் நீளமான கையை 2 மில்லிமீற்றர் உருக்குக் கம்பியில் செய்தால், அதன் நுனியை ஒரு மில்லிமீற்றர் தூக்குவதற்கே முக்கால் கிலோ எடையைத் தொங்கவிட வேண்டியிருக்கும். மெல்லிய பருத்தித் துணிக்கு இது கிளிப் இல்லை, பாக்குவெட்டி. பாலத்துக்கும் கூரைக்கும் இதே கணக்கைப் போடுகின்ற ஒருவன் தன் சட்டைப்பைக்குப் போட மறந்தான் என்பதை எழுதுவதற்குச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்த நிலையில்தான் மல்லாவியில் ஒரு வீட்டின் கதவு நிலைகளைப் பார்க்கப் போனேன். முதிரை மரத்தில் நிலை இழைத்துக்கொண்டிருந்த ஓடாவியாருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். சாரத்தைத் தவிர உடம்பில் வேறு துணி இல்லை, பென்சில் காதில். என் சட்டையிலிருந்த சில்லுக் கம்பியைப் பார்த்துவிட்டு, என்ன அது என்று கேட்டார். சொன்னேன். "எனக்குப் பொக்கற்றே இல்லைத் தம்பி, காதுதான் பொக்கற்" என்றார் முதலில். பிறகு அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, நுனியை நகத்தால் நெம்பிப் பார்த்து, "உது சரிவராது. பட்டியாலை வளைச்சுப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு, பலகைக் கட்டு ஒன்றைச் சுற்றி வந்திருந்த இரும்புப் பட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

கூரைத்தகடு, பலகை, தரையோடு ஆகியவற்றைக் கட்டாகக் கட்டி அனுப்பும்போது சுற்றிவரும் அந்த மெல்லிய இரும்புப் பட்டியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அறுத்தவுடன் சடாரென்று விரிந்து கையைக் கீறப் பார்க்கும். அந்தச் சடார்தான் எங்களுக்கு வேண்டியது. தடிப்பு அரை மில்லிமீற்றர் அளவுதான். ஆகவே 5 மில்லிமீற்றர் அகலத்தில் வெட்டினால் அதன் விறைப்பு சில்லுக் கம்பியின் விறைப்பில் பத்திலொன்றைக்கூடத் தொடாது, ஆனால் திமிறிப் பழைய இடத்துக்குத் திரும்பும் குணம் அப்படியே இருக்கும். ஓடாவியார் கணக்குப் போடவில்லை. நகத்தால் நெம்பிப் பார்த்தது மட்டும்தான்.

செய்யும் விதத்தைச் சற்று விரித்தே எழுதுகிறேன், ஏனெனில் ஒன்றிரண்டு இடத்தில் தவறினால் சட்டைதான் போகும். தகரம் வெட்டும் கத்தரியால் பட்டியிலிருந்து விரற்கடை அகலத்தில் ஒரு துண்டும் அதிலிருந்து நீண்டு செல்லும் ஒடுக்கமான ஒரு நாக்குமாக, விசிறிக்காம்பு போன்ற வடிவத்தில் வெட்டிக்கொள்ள வேண்டும். அகன்ற பகுதி பென்சிலைத் தழுவும் குழலாகும், நாக்கு கிளிப்பின் கையாகும். குழலை முழுமையாக மூடக்கூடாது. நீளவாக்கில் ஒரு மில்லிமீற்றர் பிளவு விட வேண்டும். அந்தப் பிளவு இருப்பதால்தான் அது விரிந்து கொடுத்துப் பென்சிலின் ஆறு முனைகளையும் கவ்வுகிறது, உருண்டைப் பென்சிலையும் ஏற்றுக்கொள்கிறது. 6 மில்லிமீற்றர் கம்பியின் மேல் வைத்துச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி வளைத்தால் போதும். நாக்கைக் குழலின் விளிம்பிலிருந்து மடித்துக் கீழ்நோக்கிக் கொண்டுவரும்போது அந்த மடிப்பைக் கூர்மையாக மடிக்காமல் ஆணியொன்றின் மேல் உருட்டி வளைக்க வேண்டும். கூர்மையாக மடித்த என் முதலாவது கிளிப் ஒரு மாதத்தில் அந்த மடிப்பிலேயே முறிந்தது. நாக்கின் நுனிக்குச் சற்று முன்பாக ஆணித் தலையால் தட்டி ஒரு சிறு குழிவு ஏற்படுத்தினால், மறுபக்கத்தில் அது மொட்டாகப் புடைத்துத் துணியைப் பென்சிலோடு அழுத்திப் பிடிக்கும். நுனியை மட்டும் வெளிப்புறமாகச் சற்றுத் தூக்கிவிட வேண்டும். துணி நுழைவதற்கு வாய் இல்லாத கிளிப், ஒவ்வொரு முறையும் இரண்டு கையையும் கேட்கும். வெளிவேலையில் இரண்டாவது கை எப்போதும் வேறெதையோ பிடித்துக்கொண்டிருக்கும்.

விளிம்புகளை அரத்தால் உராய்ந்து மழுக்குவதில் சோம்பல் கூடாது. அதைவிடப் பெரிய எதிரி துரு. பட்டியில் பூசியிருக்கும் பூச்சு வெட்டிய விளிம்புகளில் இல்லை. நெஞ்சு வியர்வையில் இரண்டே நாட்களில் அந்த விளிம்பு துருப்பிடித்து, சட்டைப்பையின் வாயில் தேத்தண்ணீர் நிறத்தில் ஒரு கோட்டை வரையும், எந்தச் சவர்க்காரத்துக்கும் அது போகாது. என் கலியாண வீட்டுச் சட்டை ஒன்று இவ்வாறு வயற்சட்டையாகியது. இப்போது வெட்டி முடித்ததும் விளிம்புகளுக்கு நகப்பூச்சுப் பூசுகிறேன். வீட்டில் கேட்காமல் எடுத்தது, நிறம் இளஞ்சிவப்பு. யாரும் கேட்டால் அடையாளத்துக்காகப் பூசியது என்று சொல்லிக்கொள்கிறேன்.

இதை நான் கண்டுபிடித்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். பேனைகளே ஒரு காலத்தில் கிளிப் இல்லாமல்தான் விற்கப்பட்டன. வேண்டியவர்கள் தனியாகக் கிளிப் வாங்கி மூடியில் ஏற்றிக்கொண்டார்கள். வாட்டர்மன் நிறுவனம் 1905ஆம் ஆண்டளவில் மூடியோடு ஆணியடித்துப் பொருத்திய கிளிப்பைக் கொண்டுவந்தது. பார்க்கர் நிறுவனம் 1916இல், மூடியின் உச்சியில் வளையமாக மாட்டி இறுக்கும் கிளிப்புக்கு மாறியது. அதன்பின் பேனையும் கிளிப்பும் ஒன்றாகிவிட்டன. பென்சில் தேய்ந்து குறையும் பொருளாதலால் அதனோடு கிளிப்பை நிரந்தரமாகப் பொருத்த முடியாது. அதனால் பென்சில் கிளிப் தனிப் பொருளாகவே தங்கிவிட்டது. அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் விதை விற்பவர்களும் கால்நடைத் தீவனம் விற்பவர்களும், முகப்பில் தங்கள் பெயர் அச்சிட்ட ஒரு வட்டத் தகட்டை ஒட்டி, இந்தக் கிளிப்புகளை விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். இன்று அவற்றைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். காலபோக அறுவடை நேரத்தில் எங்கள் ஆலைக்காரர்கள் கலண்டர் கொடுப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். கலண்டருக்குப் பதிலாக இதைக் கொடுத்தால், மூட்டை எண்ணிக்கையைக் குறிக்கும் இடத்தில் பென்சில் தேடும் நேரமாவது மிச்சமாகும்.

அதே விதைக்காரர்கள் கொடுத்த இன்னொரு பொருளைத் துப்பாக்கிக் குண்டுப் பென்சில் என்று அழைத்தார்கள். தோட்டா வடிவிலான உலோகமுனையில் பென்சில் துண்டைச் செருகி, எழுதி முடிந்ததும் தலைகீழாகத் திருப்பி ஒரு குழலுக்குள் அடைத்துவிடுவது. முனையும் உடையாது, பையும் கிழியாது. மிகச் சிறந்த ஏற்பாடு. ஆனால் வன்னியில் அந்த வடிவத்தைக் காணியில் கண்டால் ஒதுங்கிப் போகும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்திருக்கிறோம். அதை நான் செய்து பார்க்கவில்லை.

கடையில் வாங்க முடியாதா என்றால், முடியும். ஃபேபர் காஸ்டெல் நிறுவனம் கிளிப்பும் உள்ளே ஒரு கட்டரும் உள்ள மூடியோடு பென்சில் செய்கிறது. அதன் உயர்ரக வடிவத்தின் விலை ஒரு மேசனின் பல நாட்கூலி. போகலையிலும் கஹட்டகஹவிலும் உலகத்தின் மிகத் தூய காரீயத்தைத் தோண்டி எடுக்கும் நாட்டில் இருந்துகொண்டு, அந்தக் கரி விழாமல் பிடித்துவைப்பதற்கு ஒரு பட்டித்துண்டைத் தேடி அலைந்தேன் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பாவனையில் கண்ட ஒரு விடயத்தையும் குறிக்க வேண்டும். முனையைக் கீழ்நோக்கி வைத்தால் பையின் அடி கறுக்கும். மேல்நோக்கி வைத்தால் குனியும்போது தாடையில் குத்தும். நான் கீழ்நோக்கியே வைத்து, முனைக்கு எழுதி முடிந்த பேனையின் மூடியைச் செருகுகிறேன். பென்சில் 7 சென்ரிமீற்றருக்குக் கீழே தேய்ந்ததும் கிளிப்பைக் கழற்றிப் புதியதில் ஏற்றிவிட்டு, துண்டை மகனுக்குக் கொடுத்துவிடுகிறேன். அவன் அதைப் பேனைக் கோதுக்குள் செருகுவதில்லை. அந்த அவசியம் அவனுக்கு இல்லை. கொப்பி மூலையில் கீறி விளையாடுகிறான்.

கிளிப் தயாரானதும் ஒன்றைக் கொண்டுபோய் ஓடாவியாரிடம் காட்டினேன். நகத்தால் நெம்பிப் பார்த்தார். விறைப்புப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதால் அது சரி என்று எடுத்துக்கொண்டேன். காதிலிருந்த பென்சிலை எடுத்து அதில் செருகப் பார்த்தார், போகவில்லை. தச்சு வேலைப் பென்சில் தட்டையானது, சரிவான கூரையில் வைத்தாலும் உருளக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். "உங்கடை உருண்டைக்குத்தான் சரி" என்று திருப்பித் தந்துவிட்டு, அதே பென்சிலால் நிலையில் ஒரு கோடு கீறி, மறுபடி காதில் வைத்துக்கொண்டார். தட்டைப் பென்சிலின் அகலத்தையும் தடிப்பையும் அளந்து கொப்பியில் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். சாரத்தின் இடுப்பு மடிப்பில் மாட்டக்கூடியதாகச் செய்ய வேண்டும். அந்தத் துணி சட்டையை விடத் தடிப்பு என்பதால் நாக்கைச் சற்று நீட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.